கா: ஓரெழுத்துக்குள் ஒரு சோலை

பிள்ளை பிறந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு, பஞ்சாங்கத்தைப் புரட்டி, ‘கா’ என்று ஓரெழுத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார் ஜோதிடர். வீட்டில் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். அத்தை ஒரு பெயர் சொல்வாள், தாத்தா வேறொன்று சொல்வார், பிள்ளையின் அப்பா கைப்பேசியில் நூறு பெயர்களைத் தேடி எடுத்து வைத்திருப்பார். அந்த நூறில் பாதிக்கு மேல் பொருள் தவறாக இருக்கும். ஆகவே பட்டியலுக்குப் போகும் முன் எழுத்தையே கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

தமிழில் ‘கா’ என்பது எழுத்தாக மட்டும் நிற்பதில்லை, அதுவே ஒரு முழுச்சொல். நன்னூல் கணக்கிட்டுச் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் இதுவும் ஒன்று. சோலை என்பது இதன் பொருள். காப்பாற்று என்று ஏவும் வினையும் இதுதான். தோளில் சுமக்கும் தண்டுக்கும் ‘கா’ என்று பெயர் இருந்தது. காவடி என்ற சொல்லில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேரளத்தில் தெய்வம் உறையும் தோப்பைக் ‘காவு’ என்கிறார்களே, அதுவும் இந்தக் காவின் உறவுதான். நிழலும் காவலும் சேர்ந்த ஓர் எழுத்து பெண் குழந்தைக்குக் கிடைத்தால், பெயர் வைக்கும் முன்பே பாதிப் பொருள் வந்துவிட்டது என்பேன்.

இந்த அத்தியாயத்துக்கு ஏற்காட்டைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். சேர்வராயன் மலையில் தலைச்சோலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அண்ணாமலையார் கோவிலுக்காக வெளியூர்க்காரர்கள் தேடிப் போகும் இடம். ஊர்ப் பெயரிலேயே சோலை. ஏற்காடு என்ற பெயரோ ஏரியும் காடும் சேர்ந்தது. மலை உச்சியில் குடியிருக்கும் தெய்வத்தின் பெயர் காவேரி. ‘கா’ வரிசையில் வரும் பெண் பெயர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் எனக்குத் தெரியவில்லை. கீழே சொல்லும் பெயர்களில் பலவற்றை இந்த மலையில் நின்று கைகாட்டி விளக்க முடியும்.

நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு

நம்பிக்கை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிருகசீரிடத்தின் நான்கு பாதங்களுக்கு வே, வோ, கா, கி என்று எழுத்துகள் சொல்லப்படுகின்றன. அதன்படி மூன்றாம் பாதத்தில் பிறந்த குழந்தைக்குக் ‘கா’. அவிட்டம் முதல் பாதத்துக்கும் தமிழ்ப் பஞ்சாங்கத்தில் ‘க’ என்றே இருக்கும். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றில்லை. இந்த அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்து அமைந்தது. மிருகசீரிடத்துக்கு உரியது காவேரியில் வரும் வல்லொலி; அவிட்டத்துக்கு உரியது கங்காவிலும் காயத்ரியிலும் வரும் மெல்லொலி. தமிழ் எழுத்து இந்த இரண்டு ஒலிகளுக்கும் ஒரே ‘க’வைத்தான் கொடுத்திருக்கிறது. ஆகவே அவிட்டத்துக் குழந்தைக்குக் காயத்ரியும், மிருகசீரிடத்துக் குழந்தைக்குக் காவேரியும் அட்டவணைப்படி சரி. தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தாலும் தப்பில்லை. நம் பாட்டிமார் அப்படித்தான் வைத்தார்கள்.

காவேரி

சேர்வராயன் கோவில் ஏற்காட்டு மலையின் உச்சியில், 5,326 அடி உயரத்தில் இருக்கிறது. கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். அது ஒரு குகை. தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே இருட்டு, ஈரம், விளக்கின் சிறு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் சேர்வராயனும் காவேரியம்மனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். மலைக்கு அவர், ஆற்றுக்கு இவள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களெல்லாம் இங்கே திரண்டு வரும்.

ஆறு ஓடாத மலை உச்சியில் ஆற்றுக்கு என்ன வேலை என்று முதல்முறை போனபோது எனக்குத் தோன்றியது. குகை உள்ளே போகப் போகக் காவேரி வரைக்கும் நீள்கிறது என்பது மலை மக்களின் நம்பிக்கை. மழைத்தண்ணீரின் வழியைப் பார்த்தால் அந்த நம்பிக்கை எனக்கு இன்னும் அழகாகத் தெரிகிறது. திருமணிமுத்தாறு இந்த மலைத்தொடரில் பிறந்து, சேலம் நகரத்தின் நடுவே ஓடி, காவிரியில் கலக்கிறது. சரபங்கா ஆறும் இங்கே பிறந்து காவிரிக்கே போகிறது. மலையின் இன்னொரு சரிவில் பிறக்கும் வாணியாறு மட்டும் தென்பெண்ணை பக்கம் திரும்பிவிடுகிறது. ஆக, குகையின் மேல் விழும் மழையில் ஒரு பங்கு உண்மையிலேயே காவிரியைச் சேர்கிறது. வானம் துலக்கமாக இருக்கும் நாளில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து மேற்கே பார்த்தால், 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் தண்ணீர் ஒரு வெள்ளிக் கீற்றாகத் தெரியும். மகளுக்குக் காவேரி என்று பெயர் வைத்தவர்கள் அவளை ஒருமுறையாவது அங்கே கூட்டிப்போக வேண்டும்.

பொருளுக்கு வருவோம். சங்கப் பாடல்களில் இருப்பது காவிரி. கா என்றால் சோலை, விரி என்றால் விரித்தல். போகும் வழியெல்லாம் சோலையை விரித்துக்கொண்டு போகிறவள் என்று தமிழறிஞர்கள் சொல்லும் விளக்கம் இந்த வடிவத்திலிருந்து வருகிறது. அகத்தியரின் கமண்டலத்தைக் காக்கை வடிவில் வந்த பிள்ளையார் கவிழ்த்தார், காகம் விரித்ததால் காவிரி என்பது குழந்தைக்குச் சொல்ல ஏற்ற கதை. சொல்லின் வரலாறாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காவேரி என்று ஏகாரம் போட்டு எழுதினால் கதையே மாறும். கவேரர் என்ற முனிவரின் மகள் காவேரி. ஜனகன் மகள் ஜானகி ஆவது போல, தகப்பன் பெயரிலிருந்து மகளுக்கு வந்த பெயர் இது. வடமொழிப் புராணங்கள் சொல்வதும், குடகு நாட்டுக்காரர்கள் தலைக்காவேரியில் வழிபடுவதும் இந்த வடிவத்தைத்தான். தமிழுக்கும் இது புதிதில்லை; சிலப்பதிகாரத்தின் கானல்வரியிலேயே காவேரி வந்துவிட்டாள். குகைக்கோவிலிலும் அவள் காவேரிதான்.

சோலை விரிப்பவள் வேண்டுமா, முனிவரின் மகள் வேண்டுமா என்று பெற்றோர் முடிவுசெய்து எழுதலாம். நான் காவிரி பக்கம் சாய்கிறேன். அதன் பொருளை ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட அவள் மொழியிலேயே பிரித்துச் சொல்லலாம். கூப்பிடுவதற்குக் காவேரி கொஞ்சம் இனிமை. ஏகாரம் குரலை நீட்ட இடம் தருகிறது, தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும். எதை வைத்தாலும் ‘காவு’ என்று சுருக்கிக் கூப்பிடாதீர்கள். நம் பக்கத்தில் காவு கொடுப்பது என்றால் பலி கொடுப்பது. பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

காமாட்சி

ஏற்காட்டு மலைமக்களை மலையாளிகள் என்கிறோம். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பட்டியல் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் கரிராமன் என்ற தங்கள் தெய்வத்தோடு புறப்பட்டு வந்தார்களாம். மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலை, கொல்லிமலை பக்கங்களிலும் குடியேறினார்களாம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பிலும் இந்த மரபுக்கதை பதிவாகியிருக்கிறது.

காஞ்சி என்றதும் காமாட்சி நினைவுக்கு வருவாள். காமம் என்றால் அன்பு, விருப்பம். அட்சி என்றால் கண்ணுடையவள். அன்பு ததும்பும் கண்ணுடையவள், விரும்பியதைக் கண்ணாலேயே அருள்பவள் என்று இரண்டு விதமாகவும் விளக்குவார்கள். கா கலைமகள், மா திருமகள், அந்த இருவரையும் இரு கண்களாகக் கொண்டவள் என்று பக்தர்கள் சொல்லும் விளக்கமும் உண்டு. அட்சியில் முடியும் மற்றப் பெயர்களையும் இதே வழியில் பிரிக்கலாம்: மீன் போன்ற கண்ணுடையவள் மீனாட்சி, விசாலமான கண்ணுடையவள் விசாலாட்சி.

இளம் பெற்றோர் காமாட்சியைப் பழைய பெயர் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது. பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் என்று பொருள். வீட்டில் ஒரு காமாட்சிப் பாட்டி இருந்தால், வேறு பெயர் தேடுவதை நிறுத்திவிடலாம். செல்லமாகக் காமு என்று கூப்பிடுவது இன்றைக்கும் நன்றாகவே ஒலிக்கிறது.

மழையும் பூவும்

கார் என்றால் கருமை. கருமேகமும் கார்தான், அந்த மேகம் வரும் ஆவணி புரட்டாசியும் கார்காலம்தான். கார்குழலி என்பதைப் பிரித்தால் கார், குழல், இ. மழைமேகம் போன்ற கூந்தலை உடையவள். கடைசியில் நிற்கும் இகரம் பெண்ணைக் காட்டுகிறது. தமிழில் புதுப்பெயர் ஆக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த ஒரு விகுதியைக் கற்றுக்கொண்டால் போதும். குழல் குழலி ஆவது போல, மொழி மொழியாகவே நிற்க, விழி விழியாகவே நிற்க, எத்தனையோ பெயர்கள் பிறக்கும். கார்முகில் என்றும் சில பெண்களுக்குப் பெயர் இருக்கிறது. கருத்த பெண் பிறந்த வீட்டில் இந்தப் பெயர்களை வைக்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். கருமை மழையின் நிறம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல வழி கிடையாது. ஏற்காட்டில் ஒரு மழைக்காலப் பகல் இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்: ஏரிக்கு மேல் மேகம் இறங்கி, எதிர்க்கரை மறைந்து, சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

காந்தள் பூவின் பெயரைப் பெண்ணுக்கு வைப்பவர்கள் குறைவு. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சி நிலத்துப் பூ என்று சங்கப் புலவர்கள் ஓயாமல் பாடியது. பெண்களின் விரலுக்கு அதன் இதழை உவமை சொன்னார்கள். மழை பெய்ததும் வேலியிலும் புதரிலும் பற்றி ஏறி, கீழே மஞ்சளும் மேலே சிவப்புமாக, தீ நாக்குகள் மேல்நோக்கி எரிவது போலப் பூக்கும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: அதன் கிழங்கு கடுமையான நஞ்சு. கண்வலிக்கிழங்கு என்று உழவர்கள் சொல்வது இதைத்தான். விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள், விதையிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். நஞ்சும் மருந்தும் இருக்கிறதே என்று பெயரை விட்டுவிட வேண்டாம். அழகும் தற்காப்பும் சேர்ந்த செடி பெண்ணின் பெயராகத் தகுதியானதுதான். ஈழத்தில் இதே பூவைக் கார்த்திகைப்பூ என்பார்கள்.

அங்கிருந்து கார்த்திகாவுக்கு ஓர் எட்டுதான். கார்த்திகை என்பது வானத்தில் கொத்தாகத் தெரியும் மீன்கூட்டம். முருகனைப் பாலூட்டி வளர்த்த பெண்கள் ஆறு பேர் என்று புராணம் அவர்களைச் சொல்கிறது. அதனால் அவன் கார்த்திகேயன். கார்த்திகா என்று பெண்ணுக்கு வைத்தால் அந்த வளர்ப்புத் தாய்மாரின் பெயரைத்தான் வைக்கிறோம். முருகன் பெயரின் பெண்பால் என்று பலர் எண்ணுவது தலைகீழ். பெயர் அவர்களிடமிருந்து அவனுக்குப் போயிற்று. தலைச்சோலையில் இருப்பது அண்ணாமலையார். அந்தப் பெயரைக் கேட்டதும் எவருக்கும் கார்த்திகை தீபம் கண்முன் வரும். கார்த்திகை மாதம் பிறந்த மகளுக்கு இது இயல்பாகவே அமைந்த பெயர்.

கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் காயா என்று ஒரு சிறுமரம் உண்டு. கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக, ஆழ்ந்த நீலத்தில் பூக்கும். திருமாலின் நிறத்துக்கு ஆழ்வார்கள் இந்தப் பூவைத்தான் உவமை சொன்னார்கள். காயாம்பூ என்ற பெயர் கேட்க அழகு. ஆனால் பள்ளியில் காய், பழம் என்று பிள்ளைகள் கேலி பேச இடம் கொடுக்கும். வீட்டுப் பெயராக வைத்துக்கொள்ளலாம்.

பொருள் பிசகும் பெயர்கள்

காந்திமதி. திருநெல்வேலி நெல்லையப்பர் கோவில் அம்மனின் பெயர். மதி என்றால் நிலா, காந்தி என்றால் ஒளி, ஆக நிலவொளி என்று பல பெயர்ப்புத்தகங்கள் எழுதியிருக்கின்றன. இங்கே மதி நிலாவைக் குறிக்கவில்லை. ஸ்ரீமதி என்பதில் வரும் மதிதான் இது. உடையவள் என்று பொருள்படும் வடமொழி விகுதி. ஒளியை உடையவள் காந்திமதி. மகாத்மாவின் குடும்பப் பெயருக்கும் இதற்கும் உறவில்லை, தமிழில் எழுத்துதான் ஒன்று.

காயத்ரி ஒரு யாப்பின் பெயர். எட்டெட்டு அசையாக மூன்று அடி, மொத்தம் 24 அசை. அந்த யாப்பில் அமைந்த மந்திரத்துக்கு அதே பெயர் வந்தது, பிறகு மந்திரம் தேவியானது, தேவி நம் வீட்டுப் பெண்ணானாள். காவியாவும் கவிதையோடு தொடர்புள்ளதே. கவி செய்வது காவியம். தமிழ் அதைக் காப்பியம் ஆக்கிக்கொண்டது. காவியா என்று யகரத்துக்கு முன் இகரம் சேர்த்து எழுதினால் தமிழ் நாக்குக்கு இதம். காதம்பரி ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய வடமொழி உரைநடைக் கதையின் தலைவி. அந்தக் கதை எவ்வளவு புகழ்பெற்றது என்றால், கன்னடத்திலும் மராத்தியிலும் நாவலுக்கே காதம்பரி என்றுதான் பெயர். படிக்கிற குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு இந்த மூன்றில் ஒன்று இருக்கட்டும்.

காஞ்சனா என்றால் பொன். மதுரை மீனாட்சியின் தாய், மலையத்துவச பாண்டியனின் அரசி, காஞ்சனமாலை. பேய்ப்படத்தின் பெயராகிவிட்டதே என்று தயங்குபவர்கள் மாலை சேர்த்து முழுப்பெயராக வைக்கலாம். காருண்யா இரக்கம். காசியம்மாள், ஒளிரும் ஊரான காசியின் பெயர். காத்யாயனி, காத்யாயன முனிவரின் மகளாகத் தோன்றிய துர்க்கை. காளீஸ்வரியும் காளியம்மாளும் கருநிறத்தாள், காலத்தை ஆள்பவள் என்று இரு பொருளும் தரும். காமினி விருப்பமுள்ள அழகி. ஆனால் இலங்கையில் இருப்பவர்களும் அங்கே உறவுள்ளவர்களும் யோசிக்க வேண்டும், சிங்களத்தில் மெல்லொலியோடு வரும் காமினி ஆண் பெயர்.

இஸ்லாமியக் குடும்பங்களில் காமிலா வழங்குகிறது. அரபியில் நிறைவானவள், குறையில்லாதவள். காத்தூன் சீமாட்டியைக் குறிக்கும் சொல். துருக்கி, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்தது. கிறித்தவர்களிடம் காத்தரின் கிரேக்க வழி வந்த பெயர். தூய்மை என்ற கிரேக்கச் சொல்லோடு அதை வெகுகாலமாகவே இணைத்துப் பார்க்கிறார்கள்.

பதிவேட்டில் ஏறும் முன்

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரில்லாமலே பதியலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம்; அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்க வழி இருக்கிறது. அவ்வளவு நாள் விடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அதில் ஏறிய பெயரைப் பின்னால் மாற்ற அரசிதழ் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

‘கா’ வரிசையில் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் பெரிய தொல்லை. ஒரே காவேரியைச் சிலர் கே போட்டும், வெள்ளைக்காரர் காலத்து வழக்கப்படி சிலர் சி போட்டும் எழுதுகிறார்கள். ஏற்காட்டிலேயே காவேரி பீக் என்ற இடத்தின் பெயர் சி-யில்தான் தொடங்குகிறது. குழந்தைக்குக் கே-யே போதும், ஒலிக்கும் அதுதான் நெருக்கம். காயத்ரிக்கு ஜி. தமிழ் எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவர் கே போட்டுவிடுவார், ஆகவே பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். என் உறவுப் பெண் ஒருத்திக்குப் பள்ளிச் சான்றிதழில் கே-யும் ஆதாரில் ஜி-யுமாக இருந்ததைச் சரிசெய்யவே இரண்டு கோடைவிடுமுறை கழிந்தது. எண் கணிதம் சொல்கிறது என்று கூடுதலாக இரண்டு ஏ, மூன்று ஏ சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாழ்நாள் முழுக்க அந்தப் பெண் ஒவ்வொரு படிவத்திலும் ஏ-க்களை எண்ணிக்கொண்டிருப்பாள்.

பதிவுக்குப் போகும் முன்பாக ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை, தலைப்பெழுத்தோடு, கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இரண்டு பாட்டிகளையும் தமிழ்ப் பெயரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் ஒருமுறை சொல்லிக் காட்டி, அவர் வாயால் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். பிறகு வாசலில் நின்று, மழை பெய்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது, அந்தப் பெயரை மூன்று முறை கூப்பிட்டுப் பாருங்கள்.